அறுபத்து நாலு கிராம் செம்பு

கிர்கிஸ்தானில் நரின் ஊர்ச் சந்தையில் மாவு நிறுக்கும் காலிபா, முள் நேரே நின்ற பிறகும் ஒரு பிடி மாவைத் தட்டில் தூவுவாள். தூவும்போது "மோல் போல்சூன்" என்பாள். கிர்கிஸ் பேச்சில் மோல் என்றால் நிறைய, தாராளம். அது பெருகட்டும் என்று வாழ்த்துவாள். தங்கை பெகாயிம் இதைக் கேட்டே வளர்ந்தவள். அந்த மாவு வருமானத்தில்தான் தலைநகர் பிஷ்கெக் போய் வேதியியல் பட்டம் வாங்கினாள்.

காலிபாவுக்கு நர்ஸ் ஆகவேண்டும். இரண்டு முறை நுழைவுத்தேர்வில் தவறிவிட்டாள். இதுவே கடைசி, இனிமேல் கிடையாது என்று புருஷன் சொல்லிவிட்டான். மூன்றாவது முறை எழுதிவிட்டு வந்தவள் முகம் மலர்ந்திருந்தது. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தங்கையிடம் சொன்னாள்.

"செம்பு அறுபத்து நாலு கிராம், தண்ணி முப்பத்தாறு கிராம். எதுல மோல் அதிகம்னு கேட்டிருந்தான். தராசு பிடிச்ச கைடி இது, என்கிட்டயேவா? செம்புன்னு போட்டேன்."

பெகாயிம் கையில் தேநீர்க் கிண்ணம் அப்படியே நின்றது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"அக்கா, வேதியியல்ல வர்ற மோல் வேற. அது துகள் கணக்கு. செம்புல அறுபத்து நாலு கிராம் சேர்ந்தாதான் ஒரு மோல். தண்ணிக்குப் பதினெட்டே போதும். அப்போ முப்பத்தாறுல ரெண்டு."

"எடை கம்மி, மோல் ஜாஸ்தியா? நீ படிச்ச ஊர்ல தராசே கிடையாதா?"

இருவரும் சிரித்தார்கள். காலிபாதான் முதலில் நிறுத்தினாள்.

முடிவு வந்தபோது ஒரே ஒரு மதிப்பெண் குறைந்திருந்தது. அக்காவின் காசில் கற்றதை அக்காவுக்கு ஏன் சொல்லித்தரவில்லை என்று பெகாயிம் தன்னையே கேட்டுக்கொண்டாள். காலிபா கேட்கவேயில்லை என்பது உண்மைதான். ஆனால் அது பதிலாகப் படவில்லை.

இலையுதிர்காலத்தில் காலிபா மாஸ்கோவுக்குப் போனாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். வெள்ளை உடுப்புக்காரிகள் கடந்து போகும்போது வாளியை ஓரமாக நகர்த்திக்கொள்வாளாம். சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னாள்.

இப்போது கடையில் பெகாயிம் நிற்கிறாள். பக்கத்துக் கடையில் தயிர் விற்கும் அனார்கானுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், கை நடுங்குகிறது. காலிபா பரீட்சைக்குப் போன நாட்களில் மாவுக்கடையையும் அவள்தான் பார்த்துக்கொண்டாளாம்.

"நர்ஸானதும் தினம் வந்து வலிக்காம போடறேன்னு சொன்னா உங்கக்கா. எனக்கு ஊசி பாக்கி வச்சிட்டுப் போயிட்டா" என்றாள் அனார்கான், தானே ஊசி போட்டு முடித்துச் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி.