பின்பக்கமாய் இறங்கிய மலை

நாவற்குடாவில் என் வீடு, வவுணதீவில் இரண்டு நெல் ஆலைகள், மண்டூரில் ஒரு மடம். சூறாவளி சாய்த்ததையும் சண்டை இடித்ததையும் திரும்ப எழுப்பிய மேசன் கை இது. நாலாம் வகுப்பைத் தாண்டாத கை. இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். முழங்கால் நொந்தவன் மலையிறங்கும் வழியையும் நான்தான் கண்டுபிடித்தேன் என்றால் மட்டும் சிரிக்கும்.

போன கிழமை மகள் என்னை ஒரு முழங்கால் வகுப்புக்கு இழுத்துப் போனாள். மண்டபம் முழுக்கத் தைல மணம். அது மூக்கில் ஏறியதும், ஐந்து வருடத்துக்கு முந்திய பஸ் எனக்குள் புறப்பட்டுவிட்டது. அந்த பஸ்ஸிலும் இதே மணம், இதே வாத்தியார். நோகாமல் சிவனொளிபாதமலை ஏற்றிக் காட்டுகிறேன் என்று எங்களைக் கூட்டிப் போனவர். கைக்கொரு மடக்குத் தடி, முழங்காலுக்கு ரப்பர் உறை, நெஞ்சில் தண்ணீர்க் குழாய். பொங்கலுக்கு மாட்டைக்கூட நாங்கள் இவ்வளவு சோடிப்பதில்லை.

இரவிரவாக ஏறுவது பெரிய காரியமா? விடிந்து இறங்கும்போதுதான் மலை தன்னைக் காட்டும். இருபது படிதான், வலது முழங்காலுக்குள் யாரோ மேசன் கரண்டியால் கிண்டினார்கள். படிகளோ ஒன்று முழ உயரம், அடுத்தது நாலு விரல். மத்தியானம் பஸ் போய்விடும். குந்தினால் குந்தினதுதான்.

அப்போது யோசித்தேன். ஏணியில் எவன் முன்னுக்குப் பார்த்து இறங்குகிறான்? மலையைப் பார்த்துத் திரும்பினேன். இரும்புக் கம்பியைப் பிடித்து, கால்விரலால் கீழ்ப்படியைத் தடவி வைத்தேன். வலி பாதியாகிவிட்டது.

மச்சான், என் மனைவியின் அண்ணன், எனக்குக் கீழே நின்றான்.

"இறங்குறியா மச்சான், மறுகா ஏறுறியா? மேலால வாற சனம் உன்ட மூஞ்சப் பார்த்துப் பயப்புடுது."

"வாய மூடிட்டுப் படியச் சொல்லுடா."

சொன்னான். "பெரிய படி... சின்னது... ஈரம், பார்த்து... நில்லு, ஒரு கிழவி வாறா." முதுகுக்குக் கண் ஏது? அன்றைக்கு அவன்தான் கண்.

வாத்தியார் கீழே நின்று படம் பிடித்தார். "ஐயா, நண்டு மாதிரிப் பின்னால போறீங்களே!" என்று சிரிப்பு வேறு. நண்டு பக்கவாட்டில் போகும். வாவிக்கரையில் பிறந்தும் அது தெரியாத படிப்பு!

பாதி வழியில் அவருடைய முழங்காலும் மடிந்தது. தடி ஒரு பக்கம், உறை ஒரு பக்கம். "ஐயா, எனக்கும் காட்டித் தாங்க" என்று அழாக்குறை.

"திரும்புங்க மனே" என்று மகனுக்குச் சொல்வதுபோல் சொன்னேன். மச்சான் இரண்டு பேருக்கும் படி சொல்லி அடிவாரம் சேர்த்தான்.

அந்த மனிதர்தான் போன கிழமை மேடையில் முதுகைக் காட்டி நின்று, இப்படி இறங்குவது தன்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். சனம் கைதட்டியது. திரையில் பார்த்தால் என் முதுகு! கீழே நின்ற மச்சானை வெட்டிவிட்டார். களவைக்கூட முழுதாகச் செய்யத் தெரியாத மனிதர். கீழே ஆளில்லாமல் இப்படி இறங்கினால் முழங்கால் தப்பும், மண்டை தப்புமா? நீங்களே சொல்லுங்கள்.

மச்சான் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது என் வீட்டு மூன்று படிக்கும் நான் திரும்பித்தான் இறங்குகிறேன். "சின்னது" என்று சொல்ல ஆளில்லை.

வாத்தியாரே, அடுத்த வகுப்பில் அந்தப் படத்தை வெட்டாமல் போடும். முதுகு என்னுடையது என்று சொல்லும். படி சொன்னவன் என் மச்சான் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.