விடுவதற்கு முன் ஒரு நல்ல பீர்

என் மகள் பெங்களூரில் பீர் காய்ச்சுகிறாள். சாந்தோம் சர்ச்சில் எங்கள் பங்கு மக்கள் யாராவது விசாரித்தால் "உணவுத் துறையில இருக்கா" என்று சொல்லி நான் நழுவப் பார்ப்பேன். அவள் பக்கத்தில் இருந்தால், "பீர் அங்கிள், பீர்" என்று திருத்திவிடுவாள்.

பெரிய கம்பெனி இல்லை. ஓர் உணவகத்தின் பின்கட்டில் ஆளுயரத்துக்கு நாலைந்து எஃகுத் தொட்டிகள். கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி, புளிக்க வைத்து, அங்கேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள். கிராஃப்ட் பீர் என்று பெயர். இந்த மாதம் ஒரு ருசி, அடுத்த மாதம் வேறொன்று. நான் பள்ளியில் வேதியியல் வாத்தியார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது என்று வருஷா வருஷம் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். யாராவது ஒருவர் அதை உண்மையாகவே எடுத்துக்கொள்வார், அவரும் என் வீட்டிலிருந்தே வருவார் என்று நான் நினைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, வகுப்பில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கன்னடம் கலந்த ஆங்கிலத்தில் ஒருவர் என் மகளின் பெயரைச் சொன்னார். அவள் வேலைக்குப் போகும் வழியில், பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்த தண்ணீர் லாரி ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டிருந்தது. வலது காலில் இரண்டு முறிவு. தலையில் அடி. அவள் கண்ணைத் திறக்கும்வரை நானும் மனைவியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் நான் வேண்டிக்கொண்டேன். "மாதாவே, இவளை எழுப்பி உட்கார வை. இந்த பீர் வேலையை விட வைக்கிறேன்." சத்தமாகத்தான் சொன்னேன். மனைவி கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். காலில் தகடு வைத்து, சாந்தோம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கிறிஸ்துமஸுக்குள் ஊன்றுகோலோடு நடந்தாள். பொங்கலுக்கு ஊன்றுகோலைக் கட்டில் அடியில் தள்ளினாள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "டிக்கெட் பாக்கட்டுமா?" என்றாள்.

"மாதாகிட்ட உங்கப்பா சொன்னதை மறந்துட்டியா?" என்றாள் மனைவி.

"மம்மி, என்னை இடிச்சது தண்ணி லாரி. பீர் லாரி இல்ல. வேணும்னா டாடி தண்ணி குடிக்கிறதை விடட்டும்."

"வேண்டிக்கிட்டா வேண்டிக்கிட்டதுதான்."

"அவர் வேண்டிக்கிட்டார். நான் எதுக்குக் கட்டணும்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மகள் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேண்டுதல் எனக்கு வசதியாக இருந்தது. அவள் வீட்டிலேயே இருக்க ஒரு காரணம் கிடைத்திருந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் என் விரல் நுனிகள் இப்போதும் சில்லிட்டுப் போகின்றன. அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போனால்கூட நான் கீழே படிக்கட்டில் நிற்பேன்.

மனைவியின் வற்புறுத்தலால் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். என்னைவிட வயதில் சின்னவர். நான் சொல்லி முடிக்கும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"சார், உங்க பொண்ணோட வேலைய நீங்க எப்படிக் காணிக்கை போடுவீங்க? உங்க பையில இருக்கிறதைத்தான் போட முடியும். வேண்டுதலை மாத்திக்கலாம். உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, மத்தியானம் பீஃப் வறுவலோடு ஒரு பாட்டில் பீர் குடிப்பேன் என்றேன். எனக்கு இருக்கும் ஒரே ஆடம்பரம் அது.

"அதை விட்டுருங்க. தவக்காலம் வருது, சாம்பல் புதன்லேருந்து ஆரம்பிங்க. ஆனா விடறது கொஞ்சம் வலிக்கணும். வலிக்கலேன்னா அது காணிக்கை இல்ல சார், வீடு ஒழிக்கிறது."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவிக்குத் திருப்தி. மகள் மட்டும் எதையோ யோசித்தபடி ஃப்ரிட்ஜைத் திறந்து, அடுத்த ஞாயிற்றுக்காக நான் வைத்திருந்த பாட்டிலை எடுத்து, ஒரு தம்ளரில் கொஞ்சம் ஊற்றி மோந்து பார்த்தாள்.

"இதையா விடப்போறீங்க? நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருது. எங்கயோ வெயில்ல கெடந்திருக்கு. இதை விட்டா வலிக்காது டாடி, நிம்மதியா இருக்கும். ஃபாதர் என்ன சொன்னாரு? வலிக்கணும்."

"அதுக்கு?"

"சாம்பல் புதனுக்கு முன்னாடி நல்ல பீர் ஒண்ணு குடிங்க. அப்புறம் அதை விடுங்க."

"அப்பாவும் பொண்ணும் சேர்ந்து மாதாவையே ஏமாத்துங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். ஆனால் தடுக்கவில்லை. சாம்பல் புதனுக்கு மறுநாள் ரயிலுக்கு மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். மாதா அவளை விட்டுவிட்டார். நான்தான் இன்னும் விடவில்லை.

பெங்களூரைப் போல நம் ஊரில் இடத்துக்கு இடம் பீர் காய்ச்சுவதில்லை. தேடத்தான் வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் மகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வழி சொல்ல, நாங்கள் ஆட்டோவில் புறப்பட்டோம்.

முதலில் போனது தி. நகரில், பனகல் பூங்காவைத் தாண்டி ஒரு ஓட்டல். "இங்கேயே காய்ச்சியது" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. உள்ளே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளவென்று ஒரு செப்புத் தொட்டி. மகள் நேராகப் போய் அதை விரலால் தட்டினாள். காலி அண்டா போலச் சத்தம் வந்தது.

"இது எப்ப கடைசியா ஓடுச்சு?" என்று பரிமாறுபவரிடம் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "அது ஷோவுக்கு சார். ஃபோட்டோ எடுத்துக்கலாம்."

வந்த பீர் என் பக்கம் வைக்கப்பட்டது. கேட்காமலேயே மகளுக்கு ஒரு எலுமிச்சை ஜூஸ் வந்தது. அவள் இரண்டையும் இடம் மாற்றி வைத்து ஒரு வாய் குடித்தாள். "பாட்டில் பீர்தான். கண்ணாடித் தம்ளருக்குத்தான் காசு."

அந்த நேரத்தில் பக்கத்து மேஜையில் இரண்டு இளைஞர்கள் பாதி எழுந்து, "குட் ஈவினிங் சார்" என்றார்கள். என் பழைய மாணவர்கள். ஒருவன் சல்ஃப்யூரிக் அமிலத்தை மேஜையில் கொட்டியவன். அதைச் சொல்லும்போதே அவர்களுடைய தம்ளர்கள் மேஜைக்கு அடியில் போயின. நானும் "குட் ஈவினிங்" என்றேன். சிறிது நேரம் கழித்து மகள் தோள் குலுங்கச் சிரித்தாள்.

"டாடி, உங்க கிளாஸ் எங்க?"

அவள் திருப்பித் தந்த தம்ளரை, தெரியாமலேயே என் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அடையாறுக்குப் போகும்போது ஆட்டோக்காரர் பேச்சுக் கொடுத்தார். "இன்னா சார், ஃபேமிலியா டின்னரா?"

"பீர் குடிக்க" என்றாள் மகள்.

"நைனாவோடவா? சூப்பரு."

அடையாற்றுப் பாலத்தில் ஒரு தண்ணீர் லாரி எங்களை ஒட்டி வந்தது. அதன் பின்புறக் குழாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் ஆட்டோவுக்குள் தெறித்தது. நான் ஓட்டுநரின் தோளைப் பிடித்துவிட்டேன்.

"இன்னா சார், ஓரமாத்தான போய்க்கினு கீறேன்?"

"அவருக்கு லாரின்னா ஆகாது அண்ணா" என்றாள் மகள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவளும் உள்பக்கமாக நகர்ந்து என்மேல் சாய்ந்திருந்தாள். பாலம் முடிந்தும் நகரவில்லை.

அன்றைய இடத்தில் பீர் வகைகள் ஒரு பெரிய அட்டை முழுக்க இருந்தன. எல்லாமே டின்கள். எங்கெங்கோ செய்து வந்தவை. ஆனாலும் அன்றுதான் எனக்கு மோந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். ஒன்றில் வறுத்த பார்லி, காப்பிக்கொட்டை மாதிரி. ஒன்றில் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு, எலுமிச்சை இலையைக் கசக்கினாற்போல. "தொண்டைக்கு அனுப்பாதீங்க டாடி, மூக்குக்கு வேலை குடுங்க" என்றாள். நான் மாணவர்களிடம் பேசும் தொனி அது. டின் பீர் சுமார்தான். வீடு திரும்பும்போது எனக்குக் குறையொன்றும் இல்லை.

சாம்பல் புதனுக்கு முந்தைய சனிக்கிழமைதான் சரியான இடம் கிடைத்தது. மயிலாப்பூரைத் தாண்டி ஒரு ஓட்டல், சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அவளுடைய பெங்களூர் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். உள்ளே நுழைந்ததும் மகள் நின்று மூச்சை இழுத்தாள். எனக்கும் வந்தது அந்த வாசனை. கஞ்சி கொதிக்கும் வாசனை, கூடவே தோசை மாவு புளித்த வாசனை.

"காய்ச்சுறாங்க" என்றாள். பண்டிகைக்குப் புதுத்துணி கிடைத்த பிள்ளையின் குரல்.

அங்கே பீர் காய்ச்சும் இளைஞர் அவளுடைய வேலையிடத்தைக் கேள்விப்பட்டிருந்தார். "வாங்க மேம், உள்ள பாக்கலாம்" என்று அழைத்துப் போனார். நான் பின்னாலேயே போனேன். சிமெண்ட் தரை முழுக்க ஈரம். ரப்பர்க் குழாய்கள் நெளிந்து கிடந்தன. தொட்டியின் பக்கத்தில் ஓர் இரும்பு ஏணி, மேலே மூடி.

"பாக்கட்டுமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு மகள் ஏணியில் கால் வைத்தாள். தகடு வைத்த கால்.

"இறங்கு" என்ற சொல் என் வாய்வரைக்கும் வந்தது. அவள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அங்கேயே நின்றது. படியைச் செருப்பின் அடியால் தேய்த்து, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். கெட்ட காலை வைத்து அழுத்தி, அது தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் உடம்பின் எடையை ஏற்றினாள். ஒவ்வொரு படியிலும் அப்படியே. நான் கீழே நின்று அத்தனை நாளும் பயந்ததை, அவள் மேலே ஏறிக்கொண்டே பயந்துகொண்டிருந்தாள்.

மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "டாடி, ஏறி வாங்க. போர்டுல எழுதுவீங்களே, அது இங்க நடக்குது."

ஏறினேன். அவளைப் போலவே படியைத் தேய்த்து, பிடியை ஆட்டிப் பார்த்து ஏறினேன். உள்ளே வெளிர் பழுப்பு நுரை மலை மலையாகப் பொங்கி, உடைந்து, மறுபடி பொங்கியது. எத்தனையோ முறை அம்புக்குறி போட்டு எழுதிய சமன்பாட்டுக்கு இப்படி ஒரு முகமும் சத்தமும் உண்டென்று எனக்குத் தெரியாது. முகத்தைக் கிட்டே கொண்டுபோகப் பார்த்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ரொம்பக் குனியாதீங்க. கரியமில வாயு. மயக்கம் வரும்."

கீழே இறங்கியதும் கேட்டேன். "உனக்குப் பயமா இருக்கா?"

"பின்ன இல்லாமலா? லாரி சத்தம் கேட்டாலே கால் உதறுது. அதான் பாத்துப் பாத்து வைக்கிறேன்ல." ஏணியின் பிடியைத் தட்டிவிட்டு, "நீங்களும் சேந்து பயந்தா எனக்கு ரெண்டு பங்கு ஆயிடுது டாடி" என்றாள்.

மேஜையில் கோதுமை பீர் வந்தது. இளமஞ்சள் நிறம், லேசான கலங்கல். ஆரஞ்சுத் தோலும் தனியாவும் போட்டுக் காய்ச்சியது என்றார் இளைஞர். இந்த முறை இரண்டு தம்ளர்கள். ஒன்றை அவரே மகளின் முன் வைத்தார். குளிர்ச்சியாக, லேசான புளிப்போடு, கடைசியில் எங்கள் வீட்டு அம்மியில் அரைத்த தனியாவின் வாசனை. நான் அவசரப்படவில்லை. மகளும் அவசரப்படுத்தவில்லை. அக்கம்பக்கத்தில் என் மாணவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்ளர் காலியானதும் மகள் கேட்டாள். "இப்ப இதை விட்டா வலிக்குமா?"

"வலிக்கும்."

"நெசமா?"

"ரொம்ப வலிக்கும்."

"அப்படின்னா காணிக்கை செல்லும்" என்று பில்லைக் கேட்டாள்.

புதன்கிழமை காலை நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். வியாழக்கிழமை சென்ட்ரலில் அவளை ரயில் ஏற்றினேன். பெட்டியின் படியில் ஏறும்போது முதலில் செருப்பால் தேய்த்துப் பார்த்தாள். நான் கையை நீட்டவில்லை. நீட்டாமல் இருப்பதற்காக அவள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஞாயிறு மத்தியானம் பீஃப் வறுவலோடு மோர் குடிக்கிறேன். அந்த நேரம் பார்த்து மகள் அழைப்பாள். அந்த வாரம் எந்தத் தொட்டியில் என்ன காய்ச்சினாள், நுரை எப்படி, வாசனை எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் மென்றுகொண்டே கேட்பேன். "விட்டதை ஃபோன்ல குடிக்கிறாரு" என்று மனைவி யாரிடமோ சொல்வதுபோல் சொல்வாள்.

போன ஞாயிறு தெரியாத எண் வந்தது. விரல்கள் சில்லிட்டன. மனைவியும் கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். எடுத்தேன்.

"டாடி, என் ஃபோன்ல சார்ஜ் இல்ல, இது ஆபீஸ் ஃபோன். சாப்பிட உக்காந்தாச்சா?"

அவளுக்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தமும், யாரோ கன்னடத்தில் சிரிப்பதும் கேட்டது.

"உக்காந்தாச்சு" என்றேன். "இன்னிக்கு என்ன காய்ச்சினே? சொல்லு."