சித்தப்பாவின் வலது கன்னம்

மருத்துவ பீடத்தில் முகத் தசைகளை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். மற்றத் தசைகள் பெரும்பாலும் எலும்பிலிருந்து எலும்புக்குப் போகும். முகத்திலோ அநேகமானவை தோலில் போய் முடியும். தோலைப் பிடித்து இழுத்தால் அதுதான் சிரிப்பு! இதை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆளுக்குக்கூட விளக்கியிருக்கிறேன்.

விடுமுறைக்கு மடத்துவெளியில் சித்தப்பா வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அவர் குடித்த தேநீர் வலது கடைவாயால் வழிந்தது. வலது கண்ணும் மூடவில்லை.

"ஐயோ, பாரிசவாதம்!" என்று சித்தி குசினி அடுப்பை விட்டு ஓடிவந்தா.

"சித்தப்பா, நெத்தியைச் சுருக்குங்கோ பாப்பம்."

இடது பாதியில் மட்டும் கோடுகள் விழுந்தன. கைகளைத் தூக்கச் சொன்னேன், இரண்டையும் தூக்கினார். நான் கைதட்டிவிட்டேன். "நெத்தியும் சேர்ந்து விழுந்திட்டுது! நல்லது!"

"இவளுக்கென்ன விசரே?" என்றா சித்தி.

நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வரும். மூளையில் கோளாறென்றால் நெற்றி பெரும்பாலும் தப்பிவிடும். அதுவும் படுத்துவிட்டதால், காதுக்குக் கீழால் வரும் முக நரம்புதான் வீங்கியிருக்க வேண்டும். ஆனாலும் என் படிப்பை நம்பி இருக்கவில்லை. உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். டொக்டரும் முகவாதம் என்றே சொல்லி, குளிசையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தந்தார். அநேகமாகச் சில கிழமைகளில் திரும்பிவிடுமாம்.

சித்தப்பாவுக்கு முகம் கோணியது பெரிதில்லை. விசில்தான் கவலை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் சனத்தை ஏற்றிப் போகும் லோஞ்சுப் படகில் அவர் முன் அணியத்தில் நிற்பவர். கீழே இருக்கும் எஞ்சின்காரருக்கு வெளியே எதுவும் தெரியாது. அந்த இரைச்சலில் பேச்சும் கேட்காது. சித்தப்பா உதட்டால் அடிக்கும் விசில் ஒன்றென்றால் மெதுவாக, இரண்டென்றால் பின்னுக்கு.

"கயிறு எறிய ஆருக்கும் ஏலும் பிள்ளை. விசில் இல்லாட்டி என்னை ஏன் வைச்சிருக்கப்போகினம்?"

வாயைச் சுற்றிய வளையத் தசை குவிய வேண்டும், கன்னத் தசை காற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டும் வலப்பக்கம் உறக்கம். கண்ணாடி முன்னால் தினமும் 'ஊ', 'ஈ' சொல்லவைத்தேன். சாப்பிடும்போது வலது கன்னத்தில் சோறு தங்கிவிடும். "அங்கை ஒரு கவளம் நிக்குது" என்று சித்தி நினைவூட்டுவா.

மூன்றாம் கிழமை நயினாதீவில் கோயில் திருவிழா. சித்தப்பா வேலைக்குப் போயே தீருவேன் என்றார். நானும் கெட்டிக்காரத்தனமாக ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கிக் கொடுத்து, இடது பல்லால் கடித்து ஊதச் சொல்லி, கூடவே லோஞ்சில் ஏறினேன். போகும்போது எல்லாம் சரி.

திரும்பும்போது நடுக்கடலில் இரண்டு விசில் கேட்டது. லோஞ்சு குலுங்கிப் பின்னுக்குப் போனது. சனம் "அம்மாளே!" என்று கத்தியது. திருவிழாக் கடையில் வாங்கிய அதே மாதிரி விசிலோடு, தாயின் மடியில் ஒரு சிறுமி.

எஞ்சின்காரர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணை, கரை எங்கை?"

"எங்கடை டொக்டரம்மாவைக் கேள். அவவின்ரை வைத்தியம்தான் இது!"

லோஞ்சே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கடைவாய் கொஞ்சம் மேலே ஏறியது.

"சித்தப்பா, இழுக்குது! தசை இழுக்குது!"

குறிகட்டுவான் துறை நெருங்கியதும் அவர் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு உதட்டை ஈரமாக்கிக் குவித்தார். முதலில் வெறும் காற்று. பிறகு விரலால் வலது கன்னத்தை அழுத்திக்கொண்டு ஊதினார். பாதிக் காற்றும் பாதிச் சத்தமுமாய் ஒரு ஓட்டை விசில். அப்படி ஊத எந்தக் கடை விசிலாலும் ஏலாது.

எஞ்சின் சத்தம் தணிந்தது. லோஞ்சு மெதுவாகத் துறையை அணைந்தது.

கயிற்றை எறிந்துவிட்டு வந்து பிளாஸ்டிக் விசிலை என் கையில் வைத்தார். "இந்தா பிள்ளை, உன்ரை மருந்து."