கொழும்பு பிளேனில் ஒரு ராயபுரத்துக்காரன்

தரையில டீ ஊத்துறவனுக்குக் கோப்பைதான் ஆடும். ஆகாயத்துல ஊத்துறவனுக்குக் கடையே ஆடும். அந்த ஆடுற கடையில நான் ஸ்டூவர்ட் வேலை பார்த்தவன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆனப்போ, மீனம்பாக்கத்துல ஏறினா மூணு மணி நேரத்துல கொழும்பு. இருபத்தோரு சீட்டு டக்கோட்டா பிளேன். இப்ப எகானமி கிளாஸ்னு இன்னாமோ பேர் வெச்சிருக்காங்களே, அதுல முட்டி இடிக்க, பக்கத்து சீட்டுக்காரர் முழங்கை விலாவுல குத்த, மடங்கிக் குந்திகினு பறந்த மகராசன்களே, மகராசிகளே, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். எங்க பிளேன்ல கிளாஸே கிடையாது. டிக்கெட்டு விலை மட்டும் மொத கிளாஸ். மத்ததெல்லாம் மூணாங் கிளாஸ். காதுல அடைச்சுக்கப் பஞ்சு, வாயில போட்டுக்கப் பெப்பர்மிட்டு, வயித்தைப் பொரட்டினா காயிதப் பை. மூணையும் குடுக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

எனக்கு ராயபுரம். அப்பாவுக்கு மீன்பிடி படகு. நான் மாதா கோயில் சாமியாருங்க ஸ்கூல்ல படிச்சு, ஹார்பர்ல கப்பல் சமையல்கட்டுக்குச் சாமான் ஏத்திக்கினு இருந்தேன். இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசுவேன்கிற ஒரே தெம்புல இந்த வேலைக்கு வந்தேன். எங்க தெருவுலேர்ந்து பிளேன் ஏறின மொத ஆளு நான்தான். இதை இன்னிக்குச் சொல்றப்பவும் நெஞ்சு ஒரு இன்ச்சு நிமிருது. நிமிரட்டுமே, இன்னா இப்ப?

ஏணியடியில் இருபத்தோரு ஜோடி

மொத நாள். பிரயாணிங்களை வரிசையாக் கூட்டிக்கினு வந்து பிளேன்ல ஏத்துறது என் வேலை. எங்காளுங்க யாரும் செருப்புக் காலோட படகுல ஏற மாட்டாங்க. கழட்டிட்டு, படகைத் தொட்டு, சிலுவை போட்டுக்கினுதான் கால் வைப்போம். பொறந்ததுலேர்ந்து அதே பழக்கம். ஏணிகிட்ட வந்ததும் நான் குனிஞ்சேன், என் கை தன்னால புத்தம்புது பூட்ஸைக் கழட்டி ஓரமா வெச்சுது. கதவுப் படியைத் தொட்டுக் கும்பிட்டு உள்ள போயி நின்னேன்.

எனக்குப் பின்னாடி வந்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அதான் மொதப் பயணம். யூனிபாரம் போட்டவனே கழட்டுறான்னா அதுதான் சட்டம் போலன்னு, கோட்டு சூட்டுக்காரருலேர்ந்து பட்டுப்பொடவை மாமி வரைக்கும் அத்தினி பேரும் கழட்டிட்டு ஏறிட்டாங்க. இஞ்சின் உறுமுது. வெளிய லோடு ஏத்துறவரு ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கினு, கையை ஆட்டிக்கினு ஓடியாறாரு. கதவைத் தெறந்து வாங்கினா, பை பூரா செருப்பும் பூட்ஸும். கொழும்பு போற வரைக்கும் நான் டீ குடுத்தது கொஞ்சம். ஜோடி சேர்த்துக் குடுத்ததுதான் ஜாஸ்தி.

அன்னிக்கி என்னைக் கவனிக்க வந்திருந்தவரு சீனியர் ஸ்டூவர்ட் வரதராஜன். மாம்பலத்துக்காரர். அவரு சட்டைப் பட்டன்ல மூஞ்சி பார்த்துத் தலை வாரிக்கலாம், அப்பேர்ப்பட்ட பளபளப்பு. என் வேலையை நிரந்தரம் ஆக்குறதும், என்னைத் தொரத்துறதும் அவரு கையில. கொழும்புல எறங்கினதும் தனியாக் கூப்பிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு: "அந்தோணி, இது கோயில் இல்லை, படகும் இல்லை. உனக்கு ஆறு மாசம் டயம். அதுக்குள்ள புகார்ப் புத்தகத்துல உன் பேர்ல ஒரே ஒரு வரி விழுந்தாலும் நீ ஹார்பருக்கே திரும்பிப் போகலாம். முக்கியமா, அந்த ராயபுரம் பாஷை இந்தக் கதவுக்குள்ள வரவே கூடாது."

தராசில் நின்ற கடை

அப்பல்லாம் மூட்டையை மட்டும் இல்ல, ஆளையும் எடை போட்டுத்தான் ஏத்துவாங்க. சின்ன பிளேன், எவ்ளோ பாரம்னு பைலட்டுக்குத் தெரியணும். மூட்டை எடை கூடினா தனிக் காசு. ஆளு எடை கூடினா காசு இல்ல. இந்தச் சூட்சுமம் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை காதர் பாய்க்கு நல்லாத் தெரியும். தராசுல ஏறி நின்னாரு பாருங்க, முள்ளு மெரண்டு போயி ஓடுச்சு. அப்பறம் பீப்பா மாதிரி உருண்டு வந்து சீட்டுல அடைஞ்சாரு. பெல்ட்டு எட்டவே இல்ல.

சித்திரை வெயில். கெளம்பறதுக்கு முன்னாடி டக்கோட்டா உள்ள நின்னா அடுப்புல நிக்கிற மாதிரிதான். பாய் மூஞ்சி செவந்து, வேர்வை ஊத்துது. நான் வரதராஜன் சொல்லிக்குடுத்தபடி குனிஞ்சு, "ஐயா, தங்களுக்கு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?"ன்னு கேட்டேன். "தம்பி, நீ நம்ம பக்கத்து மூஞ்சியா கீற, ஏன் ரேடியோ மாதிரி பேசுற? இதை உருவு மொதல்ல!"ன்னு கையை நீட்டினாரு. உருவ ஆரம்பிச்சேன். ஜிப்பாவுக்கு மேல ஜிப்பா, ஆறு. கைலிக்கு மேல கைலி, எட்டு. எல்லாம் கொழும்புல சம்மந்தி வூட்டுக்குப் போற சீரு. கடைசியா உள்ளேர்ந்து வெளிய வந்தவரு வெத்தலைக் காம்பு கணக்கா ஒரு மனுஷன். இப்ப பெல்ட்டைப் போட்டா இன்னொரு ஆளும் அதுல அடங்கலாம். பக்கத்து சீட்டுக்காரர் வாயைப் பொளந்துகினு பார்க்குறதைக் கண்டு பாய் சொன்னாரு: "இன்னா பார்க்குறீங்க? தராசுல நின்னது கடை; இப்ப குந்திகினு கீறதுதான் நான்."

தெரு மேல ஒரு சுத்து

சில நாள் காத்துக்கு ஏத்த மாதிரி பைலட்டு கடல் பக்கமா ஒரு வட்டம் அடிச்சிட்டுத்தான் தெக்கால திரும்புவாரு. அப்ப ஜன்னல் வழியா ஹார்பர் தெரியும், கிரேனுங்க தெரியும், எங்க மாதா கோயில் கோபுரம் தீப்பெட்டி நிக்க வெச்ச மாதிரி தெரியும். எந்த பிளேன் சத்தம் கேட்டாலும், "அந்தோணி போறான்"னு தெருவே வெளிய வந்து கை ஆட்டுமாம். வாரத்துல ரெண்டு நாள்தான் நான் போவேன். மத்த நாள்ல எவனெவனுக்கோ கை ஆட்டியிருக்காங்க, பாவம்!

ஹார்பர்ல கிரேன் ஓட்டுற என் தோஸ்து முனுசாமிக்கு அதுவும் பத்தல. ஒருநாள் டீக்கடையில என் தோள்ல கை போட்டுக்கினு கேட்டான்: "மாமு, நம்ம தெரு மேல வர்றப்ப அந்த டிரைவராண்ட சொல்லி ஒரு ஹாரன் அடிக்க வையேன், நீ பிளேன்ல கீறன்னு நம்பாத பசங்க வாயை அடைக்கணும்."

செசிலிக்காவின் மருந்து

ஆறு மாசம் முடிய நாலே நாள் பாக்கி. புத்தகத்துல என் பேர்ல ஒரு புள்ளி கிடையாது. நாக்கைக் கட்டிப்போட்டு வெச்சிருந்தேன். திரும்ப ஹார்பருக்குப் போனா எங்க தெருவுல எந்த மூஞ்சியை வெச்சுக்கினு நடப்பேன்? கை ஆட்டின அத்தினி பேரும் வாசல்ல நிப்பாங்களே!

அன்னிக்கிப் பார்த்து ஏறினாங்க செசிலிக்கா. எங்க பின்தெரு; மீன் ஏலம் எடுக்கிறவங்க. கொழும்புல பொண்ணுக்குப் பிரசவம் ஆயிருக்கு. புள்ளை பெத்தவளுக்குப் பால் சுரக்கணும்னு மடியில ஒரு ஓலைப் பெட்டி நெறைய பால்சுறாக் கருவாடு. எனக்கு அது வூட்டு வாசனை. முன் சீட்டுல இருந்த கோட்டுப் போட்ட வக்கீலுக்கு அப்படி இல்ல. கைக்குட்டையை மூக்குல வெச்சுக்கினு, "இந்த நாற்றத்தை உடனே நிறுத்து, இல்லாவிட்டால் புகார்ப் புத்தகத்தைக் கொண்டு வா"ன்னாரு.

செசிலிக்காகிட்ட குனிஞ்சு கெஞ்சினேன். "அக்கா, என் வேலை போயிடும், பொட்டியைக் குடுங்க, பத்தரமா வெக்கிறேன்." ரெண்டு கம்பளியில சுத்தி, வாலுப் பக்கம் சாமான் வெக்கிற எடத்துல கொண்டுபோயி வெச்சு, மேல ஒரு டின்னு காப்பித்தூளைக் கொட்டினேன். திரும்பி வந்தா, அந்தம்மா பிளேன் பூரா கேக்கற மாதிரி எனக்குச் சொன்னாங்க: "ஆசுபத்திரியில மருந்து நாறல? இதுவும் மருந்துதான்னு அந்தக் கோட்டுக்காரராண்ட சொல்லு நைனா!"

அலையில் நிற்கக் கூடாது

கோடிக்கரை தாண்டிக் கடல் மேல போறப்ப மேகம் சூழ்ந்துச்சு. திடீர்னு பிளேன் பொத்துனு எறங்கிச்சு. மறுபடி ஏறி, மறுபடி எறங்கிச்சு. ஒரே கூப்பாடு. நான் நடுவுல நின்னு, "பயணிகள் அனைவரும் தயவுசெய்து அமைதியாக அமரவும்"ன்னு மனப்பாடம் ஒப்பிச்சேன். எவரு காதுலயும் ஏறல. இங்கிலீஷ்லயும் சொன்னேன். அதுவும் ஏறல. வக்கீலு பெல்ட்டைக் கழட்டிட்டு, "நான் பைலட்டையே கேட்கிறேன்"னு எழுந்து நடக்க ஆரம்பிச்சிட்டாரு.

எங்க படகுல ஒரு முறை உண்டு. அலை ஏறினா மரியாதை எறங்கிடும். எழுந்து நிக்கிறவன் தானும் வுழுவான், படகையும் கவுப்பான். அதனால அப்பனா இருந்தாலும், கோயில் சாமியாரா இருந்தாலும் ஒரே சொல்லுதான். அந்தச் சொல்லு என்னைக் கேக்காமலே வாயிலேர்ந்து வந்துருச்சு: "யோவ், குந்து! குந்துயா கீழ!" தோளைப் புடிச்சு ஒரே அமுக்கு. அவரு குந்தவும், பிளேன் வுழவும் சரியா இருந்துச்சு. என் பெரிய டீ பிளாஸ்கு துள்ளி எழுந்து, அவரு தலை இருந்த எடத்துக்கு நேரா மேக்கூரையில மோதி, தகடு குழிஞ்சு ஒரு சொட்டை வுழுந்துச்சு.

அப்பறம் நாக்குக்கு இன்னா கட்டு? "யாரும் எய்ந்திரிக்காத! ஒடம்பை அரிசி மூட்டை கணக்கா லூசா வுடு! காலைப் பாக்காத, ஜன்னல்ல தூரமாப் பாரு! எறங்கறப்ப மூச்சை வுடு!" படகுல நாங்க பயம் தெளிய அலையை எண்ணுவோம். செசிலிக்காவுக்கு அது தெரியும், பின் சீட்டுலேர்ந்து கொரலைத் தூக்கி, "ஒண்ணு போச்சு!"ன்னாங்க. நான், "ரெண்டு போச்சு!"ன்னேன். அஞ்சுக்குள்ள பாதி பிளேன் சேர்ந்துக்கிச்சு, பத்துல எல்லாரும். பட்டுப்பொடவைக்காரங்க, வெள்ளைக்காரரு ஒருத்தரு, அத்தினி பேரும் எண்ணுறாங்க. பதினெட்டாவது போனப்பறம் எண்ண ஒண்ணும் இல்ல. வெயில் அடிச்சுது, கீழ எலங்கைக் கரை தெரிஞ்சுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, மறைக்கல. வக்கீலு மேக்கூரைச் சொட்டையைப் பார்த்தாரு, தன் தலையைத் தடவிப் பார்த்தாரு, டையைச் சரி பண்ணிக்கினு சொன்னாரு: "புகார்ப் புத்தகத்தைக் கொண்டு வா."

விழுந்த அந்த ஒரு வரி

அவரு எழுதினதுல பொய்யே இல்ல. "ஸ்டூவர்ட் அந்தோணி என்னை 'யோவ், குந்து' என்று அதட்டி, தோளைப் பிடித்து அழுத்தினார்." அவ்ளோதான், ஒரே வரி. அந்த ஒரு வரி போதுமே! மறுநாள் காலையில மீனம்பாக்கம் ஆபீஸ்ல வரதராஜன் முன்னாடி நின்னேன். யூனிபாரத்தைத் தொவைச்சு மடிச்சுக் கையோட கொண்டுபோயிருந்தேன், கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடலாம்னு. கேட்டு வாங்கற அவமானம் வேணாம்.

வரதராஜன் புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சாரு. அதுக்கு முன்னாடியே பிளேனுக்குள்ள போயி மேக்கூரையைப் பார்த்துட்டு வந்திருக்காரு. விரல் நுனியில வெள்ளைப் பெயிண்டு ஒட்டிக்கினு இருந்துச்சு. "இப்படிச் சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"ஏன், தமிழ்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கு எங்கேர்ந்துதான் தைரியம் வந்துச்சோ. "நான் சொன்னதும் தமிழ்தான் சார். அமரவும்னும் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் அமரல"ன்னுட்டேன்.

வரதராஜன் பேனா மூடியைத் தெறந்தாரு, மூடினாரு, தெறந்தாரு. போச்சுடா அந்தோணின்னு மாதாவை வேண்டிக்கினேன். அப்பறம் அந்த மாம்பலத்து வாயாலயே கேட்டாரு: "அது கிடக்கட்டும். அவர் குந்தினாரா, இல்லையா?"

"குந்தினாரு சார்."

புகாருக்குக் கீழ பதில் எழுதுற கட்டத்துல, அவரோட முத்து முத்தான கையெழுத்துல, "பயணி உட்கார்ந்தார், தலை தப்பியது"ன்னு எழுதினாரு. டிராயரை இழுத்து என் நிரந்தர உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாரு. நான் நீட்டின யூனிபாரத்தை என் பக்கமே தள்ளி வெச்சு, மூஞ்சியில சிரிப்பே இல்லாம சொன்னாரு: "நல்லாத்தான் தொவைச்சிருக்க, அப்படியே இஸ்திரியும் போட்டுடு, வியாழக்கிழமை கொழும்பு உனக்குத்தான்."

அதுக்கப்பறம் பன்னெண்டு வருஷம் அந்தக் கதவுக்குள்ள ரெண்டு பாஷை பறந்துச்சு: வானம் தெளிவா இருந்தா வரதராஜன் தமிழு, அலை அடிச்சா ராயபுரம்.