சம்பந்தியின் பாஸ் ரஷ்

தாலி ஏறுகிற நேரத்தில் “ஐயோ, போச்சு!” என்று கத்திய மாப்பிள்ளையின் அப்பா உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் எனக்கு வந்து வாய்த்தார். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு வாடகை மண்டபம், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முந்தைய கல்யாணத்தை முடித்துவிட்டு வந்த புரோகிதர் டர்ன்பைக் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டதால், பன்னிரண்டரையோடு முடிய வேண்டிய முகூர்த்தம் ஒரு மணியைத் தாண்டி நொண்டிக்கொண்டிருந்தது. “கவலைப்படாதீங்க, சிகாகோவுல இப்பதான் மணி பன்னிரண்டு, அங்க இன்னும் முகூர்த்தம் இருக்கு” என்று அவர் சமாதானம் சொன்னார். மணமேடைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, கண்ணை மூடி மந்திரத்தில் கரைந்தவர்போல நின்றிருந்தார் சம்பந்தி. என்ன பக்தி பார் என்று மனைவியின் காதில் சொன்னேன். ஒலிபெருக்கியில் யாரோ ஒருவருடைய கைபேசியிலிருந்து கெட்டிமேளம் பாய்ந்த அதே நொடியில் அவர் கண்ணைத் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னார். அவர் காதுக்குள் பட்டாணி அளவுக்கு ஒரு கருவி இருந்ததும், அதில் அமெரிக்கக் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்ததும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அட்சதை தூக்கிய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. என் பெண் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து என் மனைவியும் அழுதாள்.

பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டார், பாதி வாக்கியத்துக்கு. “சாரி சம்மந்தி. ஆனா நம்ம ஆளு கிட்டப் போயிட்டான். சட்டையையே புடிச்சுட்டான். அதுக்குள்ள அந்தப் பாவி வீசிட்டான்!” என்று சாம்பார் வாளியோடு நின்ற பையனைக் காக்க வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். எதிரணியில் ஒருவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு வீசலாம் என்று தேடிக்கொண்டிருப்பான். அவனைச் சுற்றி அண்டா அண்டாவாக ஆட்கள் அரணாக நிற்பார்கள். நம் ஆட்கள் நாலு பேர் அந்த அரணை உடைத்துக்கொண்டு போய், பந்து அவன் கையை விட்டுக் கிளம்புமுன் அவனைத் தரையில் சாய்க்க வேண்டும். இந்தப் பாய்ச்சலுக்குத்தான் பாஸ் ரஷ் என்று பெயர். “அவனுக்கு யோசிக்க நேரம் குடுத்தா நாம தோத்தோம், சம்மந்தி. நம்ம டீம்ல எல்லாம் இருக்கு. இது ஒண்ணுதான் இல்ல. ஆனா வரும். பொட்டன்ஷியல் இருக்கு” என்றார். அவருடைய அணி எப்படி என் அணியும் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் இதையெல்லாம் கேட்கக் கூடாது.

அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் மேற்குக் கரையில், சான் ரமோனில் அடுத்தவன் எழுதுகிற மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கிற உத்தியோகத்தில் இருப்பவன். என் உடம்பில் வேகமாக ஏறுவதும் இறங்குவதும் சர்க்கரை ஒன்றுதான். விளையாட்டு என்றால் கிரிக்கெட், அதிலும் கல்லூரி அணியில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டுபோனவன். இப்படிப்பட்டவனை அந்த மனிதர் ஒரே பருவத்தில் மதம் மாற்றிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்காக டெக்சஸ் போய்விட்டார்கள். நாட்டின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர், நடுவில் அவர்கள். அங்கே பகல் ஒரு மணி ஆட்டம் இங்கே காலை பத்து மணி. இட்லித் தட்டோடு நான் உட்காருவேன், சாப்பாட்டை முடித்துவிட்டு அவர் உட்காருவார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவோம். பேசுவதுகூட அதிகம் இல்லை. “விட்டான் பாருங்க”, “அடேய்”, “மலை மாதிரி இருக்கான், மலை மாதிரியே நிக்கிறான்” என்று புலம்பல்தான். அவருடைய டிவி என்னுடையதை விடக் கொஞ்சம் முந்தி ஓடும். அதனால் ஒவ்வொரு துக்கமும் எனக்கு அவருடைய பெருமூச்சாக முதலில் வரும், பிறகுதான் படமாக வரும். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆணுக்குப் புதிதாக ஒரு சிநேகிதன் கிடைப்பது எவ்வளவு அரிது என்று அப்போது நான் யோசித்துப் பார்த்ததில்லை. சம்பந்தியோடு வாரம் தவறாமல் ஃபோனில் உட்காருகிறாரே இந்த மனுஷன் என்று என் மனைவிதான் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆண்டில் மற்ற மாதங்களை விட அவர் அதிகம் துள்ளுவது ஆடி மாதத்தில்தான். நம்மவர்கள் நல்லது எதையும் தொடங்காத அந்த மாதத்தில்தான் அமெரிக்கக் கால்பந்து அணிகள் பயிற்சி முகாமைத் தொடங்குகின்றன. சனிக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிடுவார். வரப்போகும் பருவத்தில் நம் பாஸ் ரஷ் எப்படி இருக்கும் என்று ஓரத்து ஆள் இருவர், நடு ஆள் இருவர் என ஒவ்வொருவராக எடுத்து, ஜாதகம் பார்ப்பதுபோல அலசுவார். 

“இடது ஓரத்துல நிக்கிறவனுக்கு முழங்கால் சரியாயிடுச்சு, சம்மந்தி. டாக்டரே ஓகே சொல்லிட்டாராம்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.”

“அது வலது முழங்கால்.”

கல்லூரியிலிருந்து புதிதாக எடுத்த பையன் இந்த வருஷம் பழுத்துவிடுவான், நடுவில் நிற்கும் கனத்த ஆள் பத்து கிலோ இளைத்துவிட்டான், புதுப் பயிற்சியாளர் கெட்டிக்காரர். கேட்கக் கேட்க எனக்கும் நம்பிக்கை வரும். புரட்டாசி பிறப்பதற்குள் இடது முழங்கால் போய்விடும். பையன் அடுத்த வருஷம்தான் பழுப்பான் என்று தெரியவரும். கனத்த ஆள் இளைத்த பத்தையும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவான். நாலு பேரும் கிட்டப் போவார்கள். கிட்டத்தான் போவார்கள். எதிரணிக்காரன் நிதானமாக வீசிவிட்டு, விழாமல் நின்று, வாய்க் கவசத்தைக் கழற்றிச் சிரிப்பான்.

அப்படி ஓர் ஆடி சனிக்கிழமையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. பெண் தனியாக வேறு அபார்ட்மெண்டுக்குக் குடிபோய்விட்டாள் என்று அந்த வாரம்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் அம்மாவிடம் ஃபோனில் சொன்னது, “We tried, Amma” என்ற மூன்று சொல். அதற்கு மேல் கேட்டதற்கெல்லாம் “ஒண்ணும் இல்ல” என்று தமிழில் பதில். அவள் தமிழில் பதில் சொன்னால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அங்கேயும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவர் குரலிலேயே எனக்குப் புரிந்தது. நான் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வழக்கத்தை விட அதிகமாகப் பேசினார். நாலு பேரை முடித்து, மாற்று ஆட்களுக்குப் போய், மாற்று ஆட்களின் மாற்று ஆட்களுக்கும் போனார். பேச இனி ஒருவனும் மிச்சமில்லை என்றானது.

“அப்புறம்? வேற?” என்றார்.

“வேற ஒண்ணும் இல்ல, சம்மந்தி. நீங்கதான் சொல்லணும்.”

“இங்கயும் ஒண்ணும் இல்ல. மழை பெய்யுது.”

“இங்க வெயில்.”

“சரி… வச்சுடட்டுமா?”

தக்காளித் தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து என் செருப்பு ஊறியிருந்தது. பேசியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் அப்பாக்கள் சொல்வதைக் கேட்கிற வயதைக் கடந்தவர்கள். இரண்டு கிழவர்கள் இரண்டு ஓரத்திலிருந்து எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் பந்து எப்போதோ கையை விட்டுப் போயிருந்தது.

விவாகரத்து சண்டை இல்லாமல் முடிந்தது. சண்டையெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் நடந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் தவித்த என் மனைவிக்குக் கல்யாண வீடியோ கைகொடுத்தது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். “தாலி கட்டுற நேரத்துல ‘ஐயோ, போச்சு’ன்னு வாயை வச்ச மனுஷன். அந்த வாய் முகூர்த்தம்தாங்க. வேற என்ன?” மாப்பிள்ளையும் பெண்ணும் ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே விளக்கம் அதுதான். பிரிந்தவர்கள் எங்களுக்கு வேறு எதையும் சொல்லவில்லையே. சிகாகோ முகூர்த்தத்தையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “உங்களுக்கு எல்லாமே ஜோக்” என்று எழுந்து போய்விட்டாள். அதுவும் உண்மைதான். இனி அந்த வீட்டோடு பேச்சு வேண்டாம் என்றாள். நானும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. மாஜி அமைச்சர் உண்டு, மாஜி கணவன் உண்டு. மாஜி சம்பந்திக்கு எந்த மொழியிலும் நாற்காலி கிடையாது. கல்யாணம் கொடுத்த உறவைக் கல்யாணம் எடுத்துக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் இட்லியை மட்டும் சாப்பிட்டேன்.

கூத்து என்னவென்றால், இந்த வருஷம்தான் அந்த அணி தேறியிருக்கிறது. ஆடியில் திருட்டுத்தனமாகப் படித்துப் பார்த்தேன். வேறு அணியிலிருந்து நல்ல ஓரத்து ஆள் ஒருவனைப் பிடித்து வந்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரிப் பையன் நிஜமாகவே பழுத்துவிட்டான். முழங்கால்கள் எல்லாம் உரியவர்களிடமே இருக்கின்றன. சொல்ல ஆளில்லாமல் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பையனிடம் சொன்னேன். “அங்கிள், நீங்க ஃபுட்பால் பாப்பீங்களா!” என்று அவன் ஆச்சரியப்பட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆவணியில் உறவினர் வீட்டு வளைகாப்பு ஒன்றுக்காக அவர் இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கே போக வேண்டியிருந்தது. முட்டிவலி என்று மனைவி வரவில்லை. வெற்றிலை குறைகிறது என்று என்னை இந்தியக் கடைக்கு அனுப்பினார்கள். கறிவேப்பிலைப் பொட்டலங்களுக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார், பரிசோதனைக் கூடப் பழக்கம். நன்றாக இளைத்திருந்தார். “நல்லா இருக்கீங்களா சம்…” வரைக்கும் வந்துவிட்டு நான் விழுங்கினேன்.

“அடடே! வாங்க சார். எப்ப வந்தீங்க?” என்றார்.

அந்த ‘சார்’ மரியாதையாகத்தான் இருந்தது. வங்கி மேலாளரைக் கூப்பிடுகிற மரியாதை.

“நேத்துதான். ஒரு வளைகாப்பு.”

“சந்தோஷம். பொண்ணு எப்படி இருக்கா?”

“இருக்கா. வேலைக்குப் போறா. கேட்டா பேசுறா.”

“நம்ம… எங்க பையன் இங்கயே வந்துட்டான் சார். வீட்லருந்தே வேலை. ரூம்லயே இருக்கான்.”

இருவரும் கறிவேப்பிலையைப் பார்த்தோம். இந்த ஒரு வாய்ப்பை விட்டால் அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது. “இந்த வருஷம் பாத்தீங்களா? நாலு பேரும் ரெடியா இருக்கானுங்க. புது ஆளு வேற. நீங்க சொன்ன பையன் பழுத்துட்டான்!” என்று கடையே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னேன்.

அவர் முகம் ஒரு கணம் வெளிச்சமானதைப் பார்த்தேன். வாயைத் திறந்தார். பிறகு பொட்டலத்தைக் கூடையில் வைத்தார்.

“நான் இப்ப பாக்கறதில்ல சார்.”

“ஏன்?”

“சின்ன வயசுலருந்து அவனும் நானும் ஒண்ணா உக்காந்து பாத்த ஆட்டம். இப்ப டிவி போட்டா அவன் எழுந்து மாடிக்குப் போயிடறான். ஆஃப் பண்ணினாத்தான் கீழ வந்து சாப்பிடறான். அதான், ஆஃப் பண்ணிட்டேன்.” கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். “வரட்டுமா சார்? வீட்ல கார்ல உக்காந்திருக்காங்க.”

வெற்றிலை வாங்க மறந்துவிட்டு வெறுங்கையோடு வளைகாப்பு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கினேன். ஊர் திரும்பியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இப்ப விட்டு என்ன பிரயோஜனம்?” என்றாள். ஆனால் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்திருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பருவத்தின் முதல் ஆட்டம். மனைவி கோவிலுக்குப் போயிருப்பாள் என்ற தைரியத்தில் டிவியைப் போட்டேன். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களிலேயே நடந்துவிட்டது. புது ஆள் ஒரு பக்கம் அரணைப் பிய்த்தான். மறு பக்கத்திலிருந்து அந்தக் கல்லூரிப் பையன் வளைந்து பாய்ந்தான். வீசுபவன் கையைப் பின்னால் இழுத்ததோடு சரி. பந்து அவன் கையிலேயே இருக்க, மல்லாந்து விழுந்தான். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சுத்தமான பாய்ச்சலை நான் பார்த்ததில்லை. நான் எழுந்து நின்றுவிட்டிருக்கிறேன். திரும்பினால், கையில் தட்டோடு பின்னால் மனைவி நிற்கிறாள். கோவிலுக்குப் போகவே இல்லை.

“இதுதானா அது?” என்றாள்.

“இதுதான்.”

திரையில் அதையே மெதுவாக மறுபடி காட்டினார்கள். முடியும்வரை பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த என் ஃபோனை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். “கூப்பிட்டுச் சொல்லுங்க. பாவம்.”

அங்கே மணி ஒன்று தாண்டியிருக்கும். டிவி அணைந்திருக்கும். பையன் மாடியிலிருந்து இறங்கி வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அந்த மேஜையில் என் பெயர் போட்டுக்கொண்டு ஃபோன் அடித்தால் அவன் சோற்றை விட்டு எழுந்துவிடுவான்.

“வேண்டாம்” என்றேன்.

அவள் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நாலு பேரும் அடுத்த பாய்ச்சலுக்காகக் குனிந்து, விரல்களைப் புல்லில் ஊன்றிக் காத்திருந்தார்கள்.