வித்துரா பஸ்ஸின் அட்டைப் படம்

ஒரு மழைக்காலக் காலையில் என் முகத்தின் வலப்பக்கம் வேலைநிறுத்தம் செய்தது. பல் தேய்த்துக் கொப்பளித்தால் தண்ணீர் ஓரமாக ஒழுகியது. டாக்டர் முகவாதம் என்றார், பயப்பட ஒன்றுமில்லை என்றார், மாத்திரையும் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். அப்போது நான் திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலையடியில் இருக்கும் வித்துராவுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து ஈரக்காற்று வாங்கியதால்தான் வந்தது என்று எங்கள் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பெரும்பாலும் சரியாகிவிட்டது. சிரித்தால் மட்டும் இடப்பக்க உதடு மேலே ஏறும், வலப்பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் பிறகு நான் ஒரு போட்டோவுக்கும் நின்றதில்லை. கல்யாண வீடுகளில் எல்லோரும் படம் எடுக்க மேடை ஏறும் நேரம் பார்த்துப் பந்திக்கு நழுவிவிடுவேன். அதனால் எனக்கு எப்போதும் சூடான சாப்பாடு கிடைத்தது, அது வேறு விஷயம்.

என் கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்கப் படம் வரைகிற மனிதர், வீட்டில் என் முகத்தைப் பார்க்காமலிருப்பதுதான் எனக்குச் செய்கிற உபகாரம் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். அந்த உபகாரத்துக்கு உள்ளூர நன்றியும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

பிறகு நாங்கள் இருவருமாக ஒரு விஷுவல் நாவல் செய்ய ஆரம்பித்தோம். கம்ப்யூட்டரில் விளையாடும் கதை அது. திரையில் ஆட்கள் வந்து நிற்பார்கள், அவர்கள் பேசுவது கீழே எழுத்தில் வரும். என்ன பதில் சொல்வதென்று விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும், கதை அதன்படி திரும்பும். எழுத்து என்னுடையது, படம் அவருடையது. பெயர் ‘வித்துரா பஸ்’. ஜன்னல் சீட்டில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணும், அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களும்தான் கதை. விளையாடுகிறவர்தான் அந்தப் பெண், அவள் கண் வழியாகத்தான் எல்லாம் தெரியும். ஆகவே கண்டக்டருக்கு முகம் உண்டு, ரப்பர் வெட்டப் போகிறவருக்கு முகம் உண்டு, அவளுக்கு மட்டும் கிடையாது. நல்ல உத்தி என்று அவர் பாராட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியில் நானும் தலையாட்டினேன்.

சோறு தீர்ந்தது அட்டைப் படத்தில். விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையில் நம்முடையதற்கென்று ஒரு படம் கொடுக்க வேண்டும். அங்கே படங்கள் வரிசை வரிசையாகத் தபால்தலை அளவில் நிற்கும். விரல் அவற்றைத் தள்ளிக்கொண்டே போகும். ஒரு நொடி அந்த விரல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அட்டையின் வேலை. நிற்கவில்லையென்றால் உள்ளே நாங்கள் எழுதியதும் வரைந்ததும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

முதலில் அவர் பொன்முடி மலை, மூடுபனி, வளைவில் திரும்பும் சிவப்பு பஸ், ஜன்னல்தோறும் பயணிகள் என்று ஊரையே கூட்டி வரைந்தார். பெயர் வளைந்து வளைந்து கொடி மாதிரி ஓடியது. பெரிய திரையில் பார்த்தால் கும்பிடத் தோன்றும். சுருக்கியதும் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. மலை ஒரு பச்சைக் கறை, பஸ் ஒரு சிவப்புப் பொட்டு, எழுத்துகளின் சுழிகளெல்லாம் அடைத்துப்போயின. பயணிகளை இறக்கிவிட்டார். மலையை எடுத்தார். எழுத்தைத் தடித்த வெள்ளையாக்கினார். கடைசியில் ஒரே ஒரு ஜன்னல் மிஞ்சியது. மழைக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தது, அதன் கீழே ஒரு பெண்ணின் கை. எனக்கு அது மிகவும் பிடித்தது. கை தெரிந்தால் போதாதா?

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் நாத்தனாரிடம் போய்ச் சோதித்தோம். மற்ற விளையாட்டுகளின் படங்களுக்கு நடுவே எங்களுடையதையும் செருகி, போனை அவர் கையில் கொடுத்தார் என் கணவர். அக்கா தள்ளிக்கொண்டே போனார், கடைசிவரை போய்த் திரும்பியும் வந்தார்.

“ஏல, இதுல உன் படம் எங்க?”

“ரெண்டு தடவ தள்ளிட்டுப் போயிட்டியேக்கா.”

போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “இதா? இதுல மனுசங்க ஆருமே இல்லியே. பின்னே ஆரப் பாத்து நிக்கது?”

வீட்டுக்கு நடந்து வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் கணவர் சொன்னார். “அவ முகம் வேணும், கேட்டியா.”

“அவளுக்கு முகம் கிடையாது.”

“கதைக்குள்ள வேண்டாம். அட்டையில வேணும்.”

“வேற ஆரோட முகத்தையாவது வரஞ்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தபோது கூப்பிட்டார். ஷட்டர் முழுக்க மேலே ஏறியிருந்தது. ஜன்னலில் ஒரு பெண் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயின் ஒரு கோடி ஏறியிருந்தது, மறுகோடி ஏறவில்லை.

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் என்னை ஏன் வரைந்தீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பிடித்துக்கொள்ள வேறொரு தப்பைத் தேடினேன், கிடைத்தது. என் கண்ணாடியில் ஏறுகிற உதடு இடது கைப்பக்கம் இருக்கும். இங்கே வலது கைப்பக்கம் ஏறியிருந்தது. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தில் கோணல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, அதை இடம்வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார். வரைகிறவர்கள் பலரும் செய்வதுதான். ஒருமுறை அப்படித் திருப்பியதை மறந்து அப்படியே விட்டதால், எங்கள் கண்டக்டருக்குச் சட்டைப் பை வலது நெஞ்சுக்குப் போய்விட்டது.

“கண்டக்டர் கதைதான். திருப்பிப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டீங்க” என்றேன்.

“நான் திருப்பவே இல்ல.”

“என் மொகம் எனக்குத் தெரியாதா?”

“உனக்குக் கண்ணாடியில தெரியும். நான் எதுத்தாப்ல இருந்தல்லே பாக்கேன்.”

சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். படம் திரும்பியது. அவள் வந்துவிட்டாள். காலையில் பொட்டு வைக்கும்போதெல்லாம் நான் முறைத்துக்கொள்கிற அதே ஆள். மறுபடியும் அழுத்தினார். அவள் போய், முதலில் பார்த்தவள் வந்தாள். இவளோடு எனக்குப் பழக்கமில்லை, அதனால் சண்டையும் இல்லை. பஸ்ஸில் இவள் பக்கத்தில் இடம் இருந்தால் போய் உட்காரலாம் என்று தோன்றியது. குனிந்து பார்த்தேன். ஏறாத பக்கத்துக் கண்ணின் ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு விழுந்திருந்தது. கண்ணாடி முன்னால் பயிற்சிக்காக உதட்டை இழுத்துப் பார்த்திருக்கிறேனே தவிர, மனம்விட்டுச் சிரித்ததில்லை, அதனால் அப்படியொரு மடிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. பார்க்காத மனிதரால் அதை வரைய முடியாது. இத்தனை காலமும் அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார், அதுவும் பிரியமாக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பதறிவிட்டார். “வேண்டாம்னா வேண்டாம். குழப்பமில்ல. பேரை மேல ஏத்திட்டா வாய் மறஞ்சிரும், பாரு.” கீழே இருந்த ‘வித்துரா பஸ்’ என்ற பெயரை இழுத்து அவள் உதட்டின் மேல் வைத்தார். தடித்த வெள்ளை எழுத்து வாயை முழுக்க மூடிக்கொண்டது. பழக்கதோஷத்தில் அதைச் சுருக்கிப் போனில் போட்டு, கையை நீட்டிப் பிடித்தார்.

நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு ஜன்னல், இரண்டு கண், எழுத்து. எழுத்து நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். என் விரலே அவளிடம் நின்றிருக்காது.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“பேரைக் கீழ எறக்குங்க” என்றேன். “அவ சிரிக்கது தெரியல்ல.”