பிடிக்கிற கைக்குப் பதில் ஒரு பெட்டி

என் தம்பி பெண்டாட்டி முப்பத்தொரு வருஷம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று ஊரே நினைத்தது. நானும்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

எங்கள் சுவரை ஒட்டினாற்போல் அவர்கள் பட்டறை. நாற்காலி, முக்காலி, கட்டில். நாற்காலிச் சட்டத்தின் நுனியை நாக்குப் போல அறுத்து, காலில் குடைந்த துளைக்குள் சொருக வேண்டும். அது சிக்கென்று உட்கார்ந்தால்தான் நாற்காலி ஆடாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி இதற்கு வேறு நல்ல சொல் போடவா என்கிறாள். வேண்டாம். பட்டறையில் நாக்குதான், இங்கேயும் நாக்குதான்.

அந்த நாக்கை அறுக்க, ரம்ப மெஷின் மேல் மரத்தை நட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டும். மேசையில் நீளமாக ஒரு ஓரக்கட்டை இருக்கும். மரம் அதோடு ஒட்டிக்கொண்டே ரம்பத்தைத் தாண்டிப் போக வேண்டும். தம்பி பின்னாலிருந்து தள்ளுவான். இவள் பக்கத்தில் நின்று அழுத்திப் பிடிப்பாள். "பிடி" என்பான். ரம்பம் கத்தும். "விடு" என்பான். ஒரு நாளைக்கு நூறு தடவை இந்த இரண்டு சொல்தான். மற்றபடி வாயைத் திறந்தால் திட்டு. டீ ஆறிப்போச்சு, கதவைச் சாத்தலை, உளியை ஏன் ஈரத்துல வெச்சே. சுவர் வழியாக எல்லாம் எனக்குக் கேட்கும்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள், குளித்துவிட்டு வந்தவன் துண்டோடு படியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

இரண்டு மாதம் பட்டறை பூட்டிக் கிடந்தது. மகன் வந்தான்.

"அம்மா, மெஷினைக் குடுத்துடலாம். நீ என்னோட வந்துடு."

"எதுக்கு?"

"தனியா என்ன பண்ணுவே? அப்பா அறுத்தாரு, நீ பிடிச்சே. இனிமே நீ அறுத்தா யாரு பிடிப்பா?"

அவள் மெஷின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். "ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வண்டியோட வா. ஒரு நாற்காலி செஞ்சு வெக்கிறேன். உக்காந்து பாரு. ஆடுச்சுன்னா மெஷினையும் ஏத்திக்கோ, என்னையும் ஏத்திக்கோ."

அவன் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, அங்க போனா பேரப்புள்ளைங்க இருக்கு. இங்க யாரோட பேசப்போற?"

"அங்க போயி மட்டும் யாரோட பேசப்போறேன், அக்கா?"



மறுநாள் இருவரும் இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் கனமாக ஒன்றை எடுத்து வைத்தார். "இதுக்குப் பேரு ஜிக். மரத்தை நிறுத்தித் திருகிட்டாப் போதும், ஆளே வேண்டாம்மா."

ஆளே வேண்டாம் என்றதும் இவள் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த பட்டை அகலம். அது ஓட வேண்டிய பள்ளம் எங்கள் ரம்ப மேசையில் குறுகல். தம்பி தன் கையால் கட்டிய மேசை அது.

"மேசையை மாத்திடுங்களேன்."

"சட்டை பத்தலைன்னு ஆளையா மாத்துவாங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கி நடந்தாள்.

தானே செய்தாள். ஓரக்கட்டையின் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிற மாதிரி ஒரு பெட்டி. அதில் செங்குத்தாக ஒரு பலகை, மரத்தை இறுக்க ஒரு திருகு. "பிடிக்கிறது எப்படின்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றாள். நியாயம்தான்.

முதல் நாக்கு துளைக்குள் போகவில்லை. தடிமன். சுத்தியலால் தட்டினாள். நாற்காலிக் கால் பிளந்தது.

பெட்டிதான் கோணல் என்று அதை மூலையில் வைத்துவிட்டு இன்னொன்று செய்தாள். அதிலும் நாக்கு தடிமன். மூன்றாவது பெட்டியும் அப்படியே. இரண்டாம் வியாழக்கிழமை நான் போனபோது மரத்தூள் மேல் உட்கார்ந்திருந்தாள். கொண்டுபோன சாப்பாட்டைத் தொடவில்லை.

"மூலைமட்டம் வெச்சுப் பாத்துட்டேன் அக்கா, பெட்டி நேராத்தான் இருக்கு. அளவு அவரோட குச்சிதான். ரெண்டும் சரின்னா நாக்கு எப்படித் தப்பாகும்?"

ரம்பத்துக்கும் ஓரக்கட்டைக்கும் நடுவே ஒரு அளவுக்குச்சியை வைத்துத்தான் தம்பி தூரம் பிடிப்பான். கை பட்டுக் கறுத்த குச்சி. அது தப்புமா?

"எழுந்திரு. பழையபடி நீ பிடி, நான் தள்ளுறேன்" என்றேன்.

"உங்களுக்கு வயசு..."

"தள்ளத்தானே போறேன், கல்யாணமா பண்ணப்போறேன்?"

சிரித்தாள். தம்பி போன பிறகு முதல் தடவை. விரல் ரம்பத்துக்குப் போகாதபடி ஒரு நீளக் கட்டையைக் கையில் கொடுத்தாள். ஒரு பக்கம் அறுத்தோம், திருப்பி மறுபக்கம் அறுத்தோம். அந்த நாக்கு லேசாகக் கிறீச்சென்று துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் நம்பவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி மரத்தை நிறுத்தி, எப்போதும் பிடிக்கிற மாதிரி பிடித்தாள்.

"அக்கா, அடியில பாருங்க. ஒட்டியிருக்கா?"

குனிந்து பார்த்தேன். மேலே ஒட்டியிருந்தது. அடியில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. மரத்தின் அடி அந்த மயிரிழை அளவு ரம்பத்தின் பக்கம் தள்ளி நின்றால், ரம்பம் அவ்வளவு கூடத் தின்னும்.

"நான் சாய்ச்சுப் பிடிச்சிருக்கேன்" என்றாள். "முப்பத்தொரு வருஷமா."

குச்சியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அதன் நுனியில் காகிதம் போல ஒரு மரச்சீவல் ஒட்டியிருந்தது. நுனி தேய்ந்ததற்கு ஒட்டியது என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறாள். நகத்தால் ஒரு முனையை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே நுனி அறுத்த அன்று இருந்த மாதிரி கூராக இருந்தது. தேயவே இல்லை. நேராகப் பிடி என்று அவளிடம் சொல்லாமல், அவன் தன் குச்சியை நீளமாக்கிக்கொண்டிருக்கிறான்.

"டீ ஆறினதுக்கெல்லாம் திட்டினாரே. இதுக்கு மட்டும் ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லலை?"

கூடப் பிறந்தவள் நான். ஆனாலும் அவனிடம் போய்க் கேட்டுவிட்டு வரவா முடியும்?

சீவலைப் பிய்த்துப் போட்டால் குச்சி சரியாகிவிடும் என்றேன். மாட்டேன் என்றாள். இன்றைக்கும் சொல்கிறேன், பிய்த்திருக்கலாம், வேலை மிச்சம். அவள் அந்த முனையைத் திரும்பப் பசை வைத்து ஒட்டி, குச்சியைக் கதவோரம் ஆணியில் மாட்டிவிட்டு, சீவல் இல்லாத அளவில் புதுக்குச்சி ஒன்று அறுத்தாள். மூலையில் கிடந்த முதல் பெட்டியைத் துடைத்து எடுத்தாள். பாவம், அது முதலிலேயே நேராகத்தான் பிடித்தது; நாக்கைத் தடிமனாக்கியது குச்சியில் இருந்த அந்தச் சீவல்தான். சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மகன் உட்கார்ந்தான். இடுப்பை ஆட்டினான். தரையாலதான் ஆடாமல் இருக்குதோ என்று சந்தேகப்பட்டு, வாசலுக்குத் தூக்கிப்போய் அங்கேயும் உட்கார்ந்து பார்த்தான்.

"யாரும்மா பிடிச்சாங்க?"

அவள் பெட்டியை மோவாயால் காட்டினாள். அவன் அதைக் கையில் எடுத்து, திருகைத் திருகிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தான். வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

திங்கட்கிழமை நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரம்பம் கத்தியது, நின்றது. வேறு சத்தம் இல்லை. மறுபடி கத்தியது, நின்றது. பெட்டிக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. ஆறேழு தடவை இப்படியே போனது. கையில் சாம்பலோடு நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அப்புறம் ஒருமுறை ரம்பம் நின்றதும், திருகு கழலுகிற சத்தத்துக்கு முன்னால், மெதுவாக ஒரு குரல் கேட்டது.

"விடு."

அந்தச் சொல்லை அவள் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.